தோற்பதற்கு முன்பே ஒட்டிய டேப்

மதியம் என் ஸ்போர்ட்ஸ் கடைக்கு நிலக்கரி மைன்ஸில் வேலை பார்க்கும் செல்வம் வந்தார். முட்டிவலிக்கு ஒட்டும் நீல டேப் கேட்டார்.

“எந்த முட்டியிலங்க வலி?”

“வலியெல்லாம் இல்லண்ணே. நாளைக்கு நம்ம குவார்ட்டர்ஸ் பிளாக் ஷட்டில் போட்டி ஃபைனல். தோத்துட்டா சொல்லிக்க ஒரு காரணம் வேணாமா?”

வாங்கிய கையோடு முட்டியில் ஒட்டிக்கொண்டு, நொண்டியபடியே கிளம்பினார்.

சற்று நேரத்தில், ஃபைனலில் அவரோடு மோதப்போகும் டேவிட் ஓடி வந்தார்.

“செல்வம் டேப் ஒட்டிக்கினு ஊரெல்லாம் நொண்டுறான் பாருங்க! நான் ஜெயிச்சா, அடிபட்டவனத்தானே ஜெயிச்சான்னு பேசுவாங்க? எனக்கு ரெண்டு முட்டிக்கும் குடுங்கண்ணே!”

கடைசி ரோலும் போய்விட்டது.

நாளெல்லாம் நின்றபடி வியாபாரம் பார்த்ததில், நிஜமாகவே முட்டி வலிப்பது எனக்குத்தான். யார் வீட்டிலாவது டேப் மிச்சம் இருக்கிறதா?