மெயிலில் படித்த மாப்பிள்ளை

காரைக்குடியில் ஒரு டைல்ஸ் கம்பெனிக்கு நான் மேனேஜர். ஆபீசுக்கு இன்டர்நெட் வந்த புதிதில், முதலாளி சொன்னபடி ஊழியர்களின் இ-மெயில்களை அவர்களுக்குத் தெரியாமல் படித்துவந்தேன். கம்பெனி ரகசியத்தைக் காப்பதாக எனக்கு நினைப்பு.

ஒருநாள் டைப்பிஸ்ட் ஸ்டெல்லாவிடம், "கல்யாண வாழ்த்துகள்! மாப்பிள்ளைக்குப் பள்ளத்தூராமே!" என்று உளறிவிட்டேன்.

"அக்காவுக்கு மட்டுந்தானே சார் மெயில்ல எழுதுனேன்? படிச்சீகளா? எங்க மாமா வக்கீலு, அவுகள வரச் சொல்றேன்."

மறுநாள் வாசலில் கறுப்புக் கோட்டு தெரிந்ததும் டைல்ஸ் அடுக்குக்குப் பின்னால் பதுங்கினேன். தொப்பை மட்டும் ஒத்துழைக்கவில்லை.

"வெளிய வாங்க சார், அவுக எங்க மாமா இல்ல. வீட்டுக்கு டைல்ஸ் வாங்க வந்திருக்காக" என்றார் ஸ்டெல்லா.

வந்தவரும் வக்கீல்தான் என்பதால், ஊழியர்களின் மெயிலைப் படிக்கலாமா என்று அவரிடமே கேட்டேன். "சட்டம் இதுல இன்னும் தெளிவா இல்ல. ஆனா சொல்லாமப் படிச்சா, கோர்ட்டுல நீங்கதான் முழிக்கணும்" என்றார்.

ஸ்டெல்லாவிடம் மன்னிப்புக் கேட்டேன். 'ஆபீஸ் மெயில்கள் பார்க்கப்படும்' என்று கம்ப்யூட்டர் மேலேயே எழுதி ஒட்டினேன். ரகசியமாகப் படிக்கச் சொன்ன முதலாளியிடம், "முடியாதுங்க" என்றுவிட்டேன்.

இப்போதெல்லாம் கல்யாணப் பத்திரிகை கைக்கு வரும்வரை யாரையும் நான் வாழ்த்துவதில்லை.