தணலன் பேசிய தமிழ்

போன ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் ஒயிட்ஃபீல்டு பக்கத்தில் ஒரு மாலில் முந்நூறு பேர் எனக்குக் கைதட்டினார்கள். ஐம்பத்தாறு வயதில் என் பெண்கூட இதுவரை எனக்குக் கைதட்டியதில்லை. சந்தோஷமாகத்தானே இருக்க வேண்டும்?

இல்லை. ஏன் இல்லை என்பதுதான் இந்த வாரம்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் தணலன் பட டீசரைப் பற்றித் துள்ளிக் குதித்து எழுதியிருந்தேன். நிறையப் பேர் பதில் போட்டிருந்தீர்கள். அதைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாக... தணலன் ஒரு வெளிநாட்டு காமிக்ஸ் ஹீரோ. தீயில் வெந்து பிழைத்த ஒரு தீயணைப்பு வீரன்; அதற்குப் பிறகு அவன் உள்ளங்கையில் நெருப்பு குடியிருக்கும். ஆங்கிலத்தில் அவனுக்கு வேறு பேர். எண்பதுகளில் சிவகாசியிலிருந்து மாதம் ஒரு புத்தகமாகத் தமிழில் வந்தபோது வைத்த பேர்தான் தணலன். இப்போது அவனைப் பெரிய பட்ஜெட்டில் சினிமா எடுத்திருக்கிறார்கள். தமிழிலும் டப்பிங் ஆகி வருகிறது.

டீசரை நான் முதலில் பார்த்தது பீன்யாவில், எங்கள் வால்வு ஃபேக்டரி கேன்டீனில். கடைசி ஷாட்டில் ஒரு கட்டடமே எரிகிறது. வில்லன் சிரிக்கிறான். புகைக்குள்ளிருந்து தணலன் எழுந்து வந்து சொல்கிறான்:

“எரிஞ்சவனை மறுபடி எரிக்க முடியாது.”

சித்ரான்னத்தை அப்படியே வைத்துவிட்டு ஒன்பது தடவை பார்த்தேன். அடுகோடியில் எட்டாம் வகுப்பு படித்தபோது என் ஜாமெட்ரி பாக்ஸ் மூடியில் காம்பஸ் முனையால் கீறி வைத்த வரி அது. நாற்பது வருஷம் கழித்து அவனே வாய் திறந்து சொல்கிறான்... சிலிர்க்காதா?

ஆனால் டீசரைப் பற்றி எழுதிய பத்தியில் அந்த வரியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. காரணம் இருந்தது. அந்த வரியை எழுதியவரை எனக்குத் தெரியும். அவரைக் கேட்டுக்கொண்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன்.

அவர் ரெஜினா டீச்சர். என் மனைவி வசந்தா வேலை பார்த்த அல்சூர் பள்ளிக்கூடத்தில் இருபது வருஷம் தமிழ் எடுத்தவர். மூன்று வருஷத்துக்கு முன்னால் வசந்தா முன்கூட்டியே ரிட்டயர் ஆனபோது எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். என் காமிக்ஸ் அலமாரிக்கு முன்னால் நின்றார். ஒரு தணலன் புத்தகத்தை உருவினார். திறக்காமலே சொன்னார், “முப்பத்தோராம் பக்கம். மூணாவது கட்டம்.”

திறந்து பார்த்தேன். அங்கேதான் இருந்தது அந்த வரி.

“இதெல்லாம் நான் எழுதினது தம்பி. வேலை கெடைக்கறதுக்கு முன்னாடி. சிவகாசில இருந்து இங்கிலீஷ் புத்தகம் தபால்ல வரும். எழுதி அனுப்புவேன். வசனம் போடற பலூனுக்கு உள்ள அடங்கணும், அதான் கஷ்டம். ரெண்டு எழுத்து கூடப் போனா லெட்டரிங் பண்றவர் லெட்டர் போட்டுத் திட்டுவார்.”

நான் நம்பவில்லை என்பதைக் கண்டுபிடித்துவிட்டார். அடுத்த வாரம் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். பக்க எண், கட்ட எண், வசனம். பக்கம் பக்கமாக. புத்தகத்தில் ‘தமிழில்: ஆசிரியர் குழு’ என்று போட்டிருக்குமே... அந்தக் குழு இந்த ஒரே ஆள். தணலன் என்ற பேரும் அவர் வைத்ததுதான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. தணலன் எந்த இதழில் முகமூடி மாற்றினான், எந்த இதழில் அட்டை தலைகீழாக அச்சானது என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அவனுக்குத் தமிழ் பேசக் கற்றுக்கொடுத்தது யார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அவனே பேசினான் என்றுதான் நினைத்திருக்கிறேன் போல.

அந்த வரிக்கு ஒரு கதை உண்டு. ஆங்கிலத்தில் அந்தக் கட்டத்தில் இருந்தது ‘நீ தோற்றுவிட்டாய்’ என்பது மாதிரி சப்பென்று ஒரு வசனம். அந்த மாதம் டீச்சரின் தம்பி செல்வம், பீன்யாவில் ஒரு வார்ப்படப் பட்டறையில் வேலை பார்த்தவர், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தார். உலையிலிருந்து உருகிய இரும்பு சிதறி, இடது தோளிலிருந்து முழங்கை வரை வெந்துபோயிருந்தது. சூப்பர்வைசர் வீட்டுக்கு வந்து, இனி உலைப் பக்கம் வேண்டாம், கேட்டில் உட்காரும் வேலை தருகிறேன் என்றிருக்கிறார். உலைக்குத்தான் கூலி அதிகம். செல்வம் சிரித்துக்கொண்டே, “எரிஞ்சவன மறுபடி என்ன சார் எரிக்கறது” என்று சொல்லிவிட்டு மறுபடி உலைக்கே போனார்.

டீச்சர் அன்றைக்கு அதைப் பலூனுக்குள் அடக்கினார்.

செல்வம் இறந்து பல வருஷம் ஆகிறது. கல்யாணம் ஆகவில்லை. அவர் சொன்னதாக உலகத்தில் மிச்சம் இருப்பது அந்த ஒரு வரிதான்.

டீசர் வந்த அன்றே டீச்சருக்கு போன் செய்து போட்டுக் காட்டினேன். கேட்டுவிட்டு, “இன்னொரு தடவ போடுங்க” என்றார். போட்டேன். “நல்லா சொல்றான்” என்றார். அவ்வளவுதான்.

என் பத்தி வந்த மறுநாள் படத்தை இங்கே வெளியிடுகிறவர்கள் கூப்பிட்டார்கள். ரசிகர் சந்திப்பு. நான் மேடை ஏற வேண்டும். பழைய ரசிகர்கள் ஐந்து பேருக்கு, எண் போட்ட தணலன் சிலை பரிசு. எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே டீச்சரிடம் ஓடினேன். “உங்களையும் கூட்டிட்டுப் போறேன் டீச்சர். மேடையில சொல்லிடறேன். இவங்கதான்னு.”

வேண்டாம் என்றார். இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். “வர்றேன் தம்பி. ஆனா என் பேர் வேணாம். பேசச் சொன்னா செல்வம் பேரைச் சொல்லுங்க. இன்னார் சொன்னதுன்னு. அது போதும்.”

ஞாயிற்றுக்கிழமை அல்சூரில் மெட்ரோ ஏறினோம். இஸ்திரி போட்ட காட்டன் புடவை. மடியில் அந்த நோட்டு, ஒரு துணிப்பையில் சுற்றி. வழியெல்லாம் தணலனைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார். காமிக்ஸில் அவன் ஏறி வரும் குதிரை படத்திலும் வருமா என்று கேட்டார். அறுபத்தைந்து வயதில் அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

வாசலில் ஒரு பெண் நிறுத்தினாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட். நிகழ்ச்சியை நடத்துகிறவள்.

“ஒந்து நிமிஷ சார்” என்று கன்னடத்தில் ஆரம்பித்துத் தமிழுக்கு மாறினாள். “ மேடம் யாரு? லிஸ்ட்ல உங்க ஒரு பேர்தானே இருக்கு.”

“இவங்கதான் டீசர்ல வர்ற அந்த டயலாக்கை எழுதினவங்க. நாப்பது வருஷம் முன்னாடியே.”

அவள் டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு என்னைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிப்போனாள். “சார், தப்பா எடுத்துக்காதீங்க. தமிழ் டயலாக் எழுதினவர் உள்ள இருக்கார். டைட்டில்ல அவர் பேர்தான் வருது. ஸ்டேஜ்ல நீங்க வேற ஏதாச்சும் சொன்னா லீகல் பிராப்ளம் ஆயிடும். படத்தப் பத்தி மட்டும் பேசுங்க, ப்ளீஸ். மேடம் பின்னாடி உக்காரட்டும், நான் சீட் தர்றேன்.”

நான் என்ன செய்திருக்க வேண்டும்? “அப்படின்னா நாங்க கெளம்பறோம்” என்று திரும்பியிருக்க வேண்டும். சரி என்று தலையாட்டினேன். மேடையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

டீச்சருக்குக் கடைசி வரிசை. எனக்கு முதல் வரிசை.

வசனகர்த்தாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பார்க்க நல்ல பையன் மாதிரிதான் இருந்தார். அந்த வரி எப்படித் தோன்றியது என்று மேடையில் கேட்டார்கள். டிராஃபிக்கில் ஒன்றரை மணி நேரம் மாட்டியிருந்தபோது சட்டென்று வந்தது என்றார். பெங்களூர் டிராஃபிக் என்றால் இந்த ஊரில் யார்தான் கைதட்ட மாட்டார்கள்? அரங்கமே அதிர்ந்தது.

அடுத்து என்னை மேடைக்கு அழைத்தார்கள். தொகுப்பாளினி விளையாட்டாகத்தான் கேட்டாள். “சார், நீங்க நாப்பது வருஷமா தணலன் படிக்கிறீங்க. இப்படி ஒரு டயலாக் இதுக்கு முன்னாடி கேட்டிருக்கீங்களா?”

மைக் என் கையில் இருந்தது.

வசனகர்த்தாவின் முகத்தைப் பார்த்தேன். வெளிறிப்போயிருந்தது. அந்த நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது — இவரும் படித்திருக்கிறார். முப்பத்தோராம் பக்கத்தைப் படித்திருக்கிறார். கடைசி வரிசையில் டீச்சர் நோட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்து மடியில் வைத்திருந்தார். மேடை சரியாகத் தெரியவில்லை போல, கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“இல்ல” என்றேன். “இப்பதான் கேக்கறேன். பிரமாதமா இருக்கு.”

அதற்குத்தான் கைதட்டினார்கள்.

ஏன் அப்படிச் சொன்னேன்? ஒரு வாரமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வாசலில் நிறுத்திய அந்தப் பெண்ணுக்குச் சிக்கல் வருமே என்றா? சிலை கிடைக்காதே என்றா? இரண்டும் இல்லை. முந்நூறு பேர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பு என்னால் நின்றுபோவதை நான் விரும்பவில்லை. அவ்வளவு அற்பமான காரணம்.

லிஃப்ட் அருகே வசனகர்த்தா வந்து என் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “தேங்க்ஸ் சார். சின்ன வயசுல எங்க மாமா வீட்ல ஒரு கட்டு தணலன் இருந்துச்சு...” என்று ஆரம்பித்தவர், டீச்சர் வருவதைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். டீச்சர் யாரென்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. அது இரண்டாவது தடவை.

திரும்பி வரும்போது மெட்ரோவில் கூட்டம் இல்லை. என் மடியில் சிலை டப்பா. இந்திராநகர் வந்தபோது டீச்சர் நோட்டைத் துணிப்பைக்குள் திரும்ப வைத்தார். பிறகு கேட்டார்.

“தம்பி, சொல்லக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னது எனக்கும் கேட்டுச்சு. அதுல தப்பில்ல. படம் நல்லா இருக்கும்னு ஒரு வார்த்த சொல்லிட்டு எறங்கியிருக்கலாமே. ‘இல்ல’ன்னு ஏன் சொன்னீங்க?”

நான் மடியில் இருந்த டப்பாவைத் திருப்பி வைத்தேன்.

“செல்வம் அப்படி ஒண்ணு சொல்லவே இல்லன்னு ஆயிடுச்சு பாருங்க.”

அல்சூர் வந்தது. கதவு திறந்தது. எனக்கு முன்னால் இறங்கி, திரும்பிப் பார்த்து, “பாத்து எறங்குங்க. டப்பா பெருசா இருக்கு” என்றார். கோபமாகச் சொன்னதாகத் தெரியவில்லை. அதுதான் தாங்கவில்லை.

நிகழ்ச்சியின் வீடியோ இணையத்தில் வந்தது. பழைய வாசகர்கள் மூன்று பேர் எனக்கு எழுதினார்கள். “முப்பத்தோராம் பக்கத்தை மறந்துட்டீங்களா சார்?” என்று ஒருவர். அட்டை நிறம், இதழ் எண் எல்லாவற்றையும் இன்னொருவர். மூவரில் ஒருவர்கூட, அந்த வரியை எழுதியது யார் என்று கேட்கவில்லை. குற்றம் சொல்லவில்லை... நானும் அப்படித்தானே இருந்தேன். எங்களை மாதிரி ரசிகர்கள் எல்லாவற்றையும் பாலிதீன் உறை போட்டுப் பத்திரமாக வைத்திருப்போம். செய்தவரை மட்டும் வைத்திருக்க மாட்டோம்.

புதன்கிழமை லீவ் போட்டுவிட்டு டீச்சர் வீட்டுக்குப் போனேன். வசந்தாவைக் கூப்பிட்டேன். “நீங்களே போங்க. நான் வந்தா அவங்க எனக்காகச் சிரிப்பாங்க” என்று சொல்லிவிட்டாள்.

டீச்சர் காபி கொடுத்தார். நான் யோசித்து வைத்திருந்த எல்லாவற்றையும் சொன்னேன். இந்த வாரப் பத்தியில் முழுசாக எழுதுகிறேன். உங்கள் பேர், தம்பி பேர், நோட்டின் போட்டோ, எல்லாம் போடுகிறேன். கேஸ் போட்டால் போடட்டும்.

கடைசி வரை கேட்டார்.

“அன்னைக்கு அந்த வரியக் கேட்டதும் எவ்வளவு சந்தோஷப்பட்டேன் தெரியுமா தம்பி? செல்வமே எழுந்து வந்து பேசற மாதிரி இருந்துச்சு. ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அவன் பேரை நாலு பேரு கேக்கட்டும்னு நெனச்சேன். அத்தன பேர் முன்னாடி இல்லன்னு சொல்லிட்டு, இப்ப வீட்ல உக்காந்து எழுதப் போறீங்க. இது அவனுக்காக இல்ல. உங்களுக்குத் தூக்கம் வரணும்னு.”

“அப்ப எழுத வேணாமா டீச்சர்?”

“எழுதுங்க. நீங்க பண்ணினத எழுதுங்க. எங்க பேர் வேணாம்.”

அதனால்தான் சொல்கிறேன். ரெஜினா என்பது அவர் பேர் இல்லை. செல்வம் என்பதும் அவர் தம்பி பேர் இல்லை. யார் என்று தயவுசெய்து தேடிப் போகாதீர்கள். நாற்பது வருஷமாகத் தேடாதவர்கள்தானே நாம்.

படம் அடுத்த வெள்ளிக்கிழமை வருகிறது. முதல் நாள் முதல் ஷோவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்... இனிமேலாவது நான் எதையும் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டாம்.