தேவராசா பதில் எழுதாத மின்னஞ்சல்

ஞாயிறு காலை வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றபோது தேவராசா அண்ணையின் மனைவி ஜெயந்தி போனில் அழைத்தார். "மிஸ், இவர் போயிட்டார்." நெஞ்சு நோகுது என்றாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

நான் இணையம் படிப்பிக்கும் சனிக்கிழமை வகுப்பில் அவரோடு கூடப் படித்த உங்களுக்குத் தேவராசா அண்ணையைத் தெரியும். கொட்டாஞ்சேனையில் ஹாட்வெயார் கடையொன்றில் வேலை செய்தவர், கடைசி வரிசையில் இருந்தவர். ஆனால் ஒரு மழைக்காலம் முழுவதும் அவர் ஏன் ஒருவரோடும் கதைக்காமல் இருந்தார் என்பது பலருக்குத் தெரியாது. இப்போது அதைச் சொல்லலாம் என்று ஜெயந்தியே சொல்லியிருக்கிறார்.

ஜெயந்தி வளைகுடா நாடொன்றுக்கு வீட்டு வேலைக்குப் போன கையோடு அண்ணை வகுப்பில் சேர்ந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. மவுசை நழுவிவிடுமோ என்ற பயத்தோடு இறுக்கிப் பிடிப்பார். "இவ்வளவு நாளும் கோல் எடுக்க மட்டுந்தான் போன் வச்சிருந்தனான் மிஸ். இனி அவ அங்க, நான் இங்க. படிக்கத்தானே வேணும்" என்றார்.

இணையத்தின் வரலாற்றைப் படிப்பித்த நாள் நினைவிருக்கிறது. தூரத்துக் கணினிக்கு முதன்முதல் அனுப்பிய சொல் முழுதாகப் போய்ச் சேரவில்லை, இரண்டு எழுத்தோடு எல்லாம் நின்றுவிட்டது என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தீர்கள். அவர் சிரிக்கவில்லை. "ரெண்டெழுத்து வந்தாலே அந்தப் பக்கம் ஆள் இருக்கெண்டு தெரியும்தானே மிஸ்" என்றார்.

வகுப்பில் படிப்பதையெல்லாம் அன்று மாலையே ஜெயந்திக்குப் போனில் சொல்லிக்கொடுப்பார். தன் மின்னஞ்சல் முகவரியை அவரைப் பாடமாக்க வைத்தார். நிற்கும் இடத்தை வரைபடத்தில் குறித்து அனுப்பப் பழகிய அன்று, கடை வாசலில் நின்று தன் இடத்தை அனுப்பினார். ஜெயந்தி தான் வேலை செய்த வீட்டை அனுப்பினார். "அவ என்னைவிடக் கெட்டிக்காரி" என்று அடுத்த கிழமை எனக்குக் காட்டிச் சிரித்தார்.

பிறகு அழைப்புகள் நின்றன. ஜெயந்தியை அனுப்பிய ஏஜென்சியில் விசாரித்தார். வேறு வீட்டுக்கு மாற்றிவிட்டோம், சுகமாக இருக்கிறார் என்றார்கள். எந்த வீடு என்று சொல்லவில்லை.

ஒரு சனிக்கிழமை வகுப்பு தொடங்குமுன் அவர் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். திரையில் ஒரு மின்னஞ்சல். ஆங்கில எழுத்தில் தமிழ். "போன் பறிச்சிட்டினம். வெளியில விடினமில்லை. அடிக்கினம். இது இந்த வீட்டுப் பிள்ளையின்ர டப். பதில் போடாதேங்கோ." டப் என்றது அந்தப் பிள்ளையின் கைக்கணினி.

பயப்படாதே என்று ஒரு வரியாவது எழுதுவோமா என்று கேட்டேன். அவர் இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "வேண்டாம் மிஸ். பதில் அந்தப் பிள்ளைக்குத்தான் போகும். அதுகள் கண்டால் அவளை என்ன செய்யுங்களோ தெரியாது. அவ சொன்னதைச் செய்வம்."

வெளிநாட்டில் வேலை செய்பவர்களின் முறைப்பாடுகளைக் கேட்கும் அலுவலகத்துக்கு நானும் கூடப் போனேன். மின்னஞ்சலைப் பார்த்த உத்தியோகத்தர் இல்லையென்று தலையாட்டி, சிங்களத்தில் சொன்னார்: "அட்ரஸ் எக்க நத்துவ பே, அய்யே." முகவரி இல்லாமல் ஒன்றும் செய்ய முடியாதாம்.

இரண்டாவது மின்னஞ்சலும் வகுப்பில் வைத்தே கிடைத்தது. அதில் எழுத்தே இல்லை. ஒரு வரைபட இணைப்பு மட்டும். அன்று வெளியே கடும் மழை, இணையம் இழுத்து இழுத்துத்தான் வந்தது. சாம்பல் நிறக் கட்டங்கள் ஒவ்வொன்றாகத் தெருவாகின, கூரையாகின. தெருவின் கடைசி வீடு. அதற்கப்பால் வெறும் மணல். அவர் திரையில் விரலை வைத்து, "இதுக்குள்ளதான் இருக்கிறாள்" என்றார்.

திங்கட்கிழமை, அச்செடுத்த வரைபடத்தை அதே உத்தியோகத்தரின் மேசையில் விரித்தார். "மஹத்தயா, மே அட்ரஸ் எக்க." இதோ முகவரி என்றார். உத்தியோகத்தர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். மூத்த அதிகாரி ஒருவர் வெளியே வந்து, எங்கள் கண் முன்னாலேயே அதை அந்நாட்டிலுள்ள எங்கள் தூதரகத்துக்கு அனுப்பினார்.

அதன் பின்னர்தான் பொறுக்கவே முடியாத காத்திருப்பு. எந்தச் செய்தியும் இல்லை. டப்பைத் தொட்டதை அந்த வீட்டார் கண்டுபிடித்துவிட்டார்களோ என்ற பயம். அந்தச் சனிக்கிழமைகளில்தான் அவர் உங்களோடு கதைக்காமல் இருந்தார். ஒருநாள் மெதுவாகக் கேட்டார்: "பதில் போட்டிருந்தா அவளுக்கு ஒரு தைரியம் இருந்திருக்குமோ மிஸ்?"

பிறகு ஒரு சனிக்கிழமை, பாடம் நடந்துகொண்டிருக்கும்போது, கடை உடுப்போடு நனைந்து வந்து வாசலில் நின்றார். "மிஸ், ஜெயந்தி கதைச்சவ. தூதரகத்தில இருந்து கதைச்சவ. வெளியில வந்திட்டாளாம்." நாற்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து நீங்கள் எழுந்து வந்தீர்கள்.

ஜெயந்தி வந்து சேர்ந்தார். முழங்கையில் ஒரு தழும்பு. அதைப் பற்றி அவர் பேசுவதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பிறகு இருவரும் சேர்ந்தே வகுப்புக்கு வந்தார்கள். புதிதாக வந்த ஒருவர், இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று முணுமுணுத்தபோது தேவராசா அண்ணை திரும்பிச் சொன்னார்: "தேவை வந்தபிறகு படிக்க நேரம் கிடைக்காது தம்பி."

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான். என் முதல் வகுப்பு இப்போது வரலாற்றோடு தொடங்குவதில்லை. இருக்கும் இடத்தை இன்னொருவருக்குத் தெரியப்படுத்துவது எப்படி என்பதோடு தொடங்குகிறது. செத்தவீட்டுக்குப் போய்வந்த அடுத்த சனிக்கிழமையும் அப்படித்தான் தொடங்கினேன். விரைவில் வெளிநாடு போகவிருக்கும் மட்டக்குளிப் பெண்ணொருத்தி, தான் இருக்கும் இடத்தைத் தன் தாயின் போனுக்குத் திரும்பத் திரும்ப அனுப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் அடுத்த பாடத்துக்குக் காத்திருந்தார்கள். நான் அவளை அவசரப்படுத்தவில்லை.