குருவிநத்தத்தில் இரண்டாவது பலகாரம்

1. காலை ஆறரைக்கு வில்லியனூரில் பஸ் ஏறினோம். பாகூர் வரை டிக்கெட் எழுபது பைசா.
2. ஏம்பலம் தாண்டியதும் கரும்பு வண்டி ஒன்று அச்சு முறிந்து குறுக்கே நின்றது. இருபது நிமிடம் போனது.
3. பாகூரிலிருந்து குருவிநத்தத்துக்கு நடந்தோம்.
4. அங்கே ஒரே காலையில் இரண்டு முறை பலகாரம் சாப்பிட்டோம்.

நான்காவதை விளக்க வேண்டும். சமூக நலப் பணியாளர்களான எங்கள் ஆறு பேருக்கு வில்லியனூரில் மூன்று நாள் மறுபயிற்சி. பாடம், சாதி வேற்றுமையும் சமூக நீதியும். இரண்டு நாள் வகுப்பு முடிந்து, மூன்றாம் நாள் பயிற்சியாளரோடு களத்துக்குப் புறப்பட்டோம். குருவிநத்தம் பால்வாடியில் காலனியைச் சேர்ந்த அஞ்சலையைச் சமையலுக்கு நியமித்ததும், ஊர்த்தெருப் பிள்ளைகள் வருவது நின்றுவிட்டது. மாதக் கடைசிக்குள் அவர்கள் வராவிட்டால் சமையலுக்கு வேறு ஆள் போடுவதாகப் பேச்சு. இதற்கு வழி கண்டு சொல்வதுதான் எங்களுக்குக் கொடுத்த வேலை.

ஒன்பது மணி. ஊர்த்தெரு முனையிலேயே ஒரு வீட்டில் எங்களை மடக்கிவிட்டார்கள். இட்லி, வடை, காபி. பிள்ளைகளை ஏன் அனுப்பவில்லை என்று வீட்டுக்கார அம்மாவைக் கேட்டோம்.

"நாங்க இன்னா தடுக்கறமா? புள்ளைங்க வூட்லயே துன்னுடுது, வயிறு ரொம்பிடுது."

எல்லோரும் கவனமாகக் குறித்துக்கொண்டோம்.

பத்தரை. பால்வாடி. அஞ்சலை கோதுமை உப்புமாவைத் தட்டுகளில் போட்டு நீட்டினார். நாங்கள் ஆறு பேரும் ஒரே குரலில், "இப்பதான் சாப்பிட்டோம், வயிறு ரொம்பிடுச்சு" என்றோம்.

அஞ்சலை சிரித்துவிட்டார். "நீங்களுமா? ஊர்ல கேட்டாலும் இதான் சொல்றாங்கோ. டவுன்லேர்ந்து வந்தவங்க புச்சா எதுனா சொல்லுவீங்கன்னு பாத்தேன்."

எங்கள் பயிற்சியாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பக்கத்தில் நின்ற தோழி ஸ்டெல்லா, "கொசுவத்தைத் தளர்த்திக்கோடி" என்று என் காதில் சொல்லிவிட்டு, காலனிப் பிள்ளைகளின் வரிசையில் உட்கார்ந்து தட்டை வாங்கினாள். மற்றவர்களும் உட்கார்ந்தோம். மனையியல் படித்த பழக்கத்தில், உப்பு ஒரு சிட்டிகை கூடுதல் என்றேன்.

"அதான் தட்டு காலியாயிடுச்சா?" என்றார் அஞ்சலை.

அப்போது அந்த வீட்டுக்கார அம்மா, ஸ்டெல்லா மறந்து வைத்த குடையோடு வாசலில் வந்து நின்றார். "இன்னாம்மா இது! எங்க வூட்ல அத்தினி இட்லி துன்னுட்டு இங்கயுமா?"

"எடம் பண்ணிக்கிட்டோம்க்கா" என்றாள் ஸ்டெல்லா, வாய் நிறைய உப்புமாவோடு.

அவர் உள்ளே வரவில்லை. அவர் இடுப்பிலிருந்த பெண் குழந்தை வழுக்கி இறங்கி, வரிசைக் கடைசியில் போய் உட்கார்ந்தது. அஞ்சலை கரண்டியோடு அசையாமல் அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தார்.

"சீக்கிரம் துன்னுட்டு வாடி" என்றார் அந்த அம்மா, குழந்தையிடம்.

திரும்பும் பஸ்ஸில் எங்களில் யாருக்கும் மதியச் சாப்பாடு நினைவுக்கு வரவில்லை. இனி களப்பயணத்தில் முதலில் காலனிக்குப் போவது, முதல் சாப்பாடும் அங்கேயே என்று ஏம்பலம் வருவதற்குள் முடிவு செய்துவிட்டோம்.

மாதக் கடைசி தாண்டிவிட்டது. ஊர்த்தெருவிலிருந்து நான்கு பிள்ளைகள் வருகிறார்கள், மற்றவர்கள் வரவில்லை. அஞ்சலைதான் சமைக்கிறார்.