கழுவாத பென்சிலின் குப்பி

என் மேஜையில் ஒரு பென்சிலின் குப்பி இருக்கிறது. கட்டைவிரல் உயரம், ரப்பர் மூடி, அடியில் வெள்ளையாக உலர்ந்துபோன மருந்து. வீட்டுக்கு வருகிறவர்கள் கழுவித் தருகிறேன் என்று கை நீட்டுவார்கள். கொடுக்கமாட்டேன். இதைத் தந்தவர் அருமனைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் கம்பவுண்டர். ஐம்பதுகளின் தொடக்கத்தில் நான் அங்கே நர்ஸ்.

காலிக் குப்பிகளுக்கு அப்போது ஊரில் பெரிய கிராக்கி. கண்மைக்கு, மூக்குப்பொடிக்கு என்று ஆட்கள் கேட்டு நிற்பார்கள். கம்பவுண்டர் சுத்தக்காரர், கழுவாமல் ஒன்றைக்கூடக் கொடுக்கமாட்டார். கழுவிய இடம்தான் வினை. வார்டுக்குப் பின்னாலிருந்த கல்தொட்டியில் கொசுப்புழு தின்பதற்காகக் கெண்டைகளை விட்டிருந்தார். ஆற்றிலிருந்து அவரே குடத்தில் சுமந்து வந்தவை. காலையில் அவற்றோடு பேசிவிட்டுத்தான் வேலைக்கு வருவார். குப்பிகளை அதில்தான் அலசினார். நாகர்கோவிலிலிருந்து பஸ்ஸில் வரும் வழியில் பனிக்கட்டி கரைந்து மருந்து கெட்டுப்போனால் அதையும் அங்கேயே கொட்டினார்.

"வீணாப் போவண்டாம் சிஸ்டரே, மீனுக்கும் சீக்கு வராம இருக்கட்டும்" என்பார்.

சில மாதங்களில் மீன்கள் இரை எடுப்பதை நிறுத்தின. மேலே வந்து வாயைப் பிளந்தன. செதில் உதிர்ந்து சிவந்த புண் வந்தது. புண்ணைக் கண்டதும் மனுஷன் இன்னும் மருந்தை ஊற்றினார். தினமும் ஒன்றிரண்டு செத்து மிதந்தன, தொட்டியில் கொசுப்புழு நெளிந்தது. வார்டில் மலேரியாக்காரர்கள் படுத்திருந்தார்கள். அந்தப் புழுக்கள் கொசுவாகி, அவர்களைக் கடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போக எவ்வளவு நேரமாகும்? எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மருந்துதான் காரணம் என்று நான் சொன்னதும் அவருக்கு முகம் சிவந்தது. மனுஷரைப் பிழைக்கவைக்கிற மருந்து மீனைக் கொல்லுமா என்று கேட்டவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்று மீந்திருந்த மீன்களில் பாதியை, சருவம் என்கிற வாயகன்ற பாத்திரத்தில் கிணற்றுத் தண்ணீர் நிரப்பி அதில் விட்டேன். பத்து நாளில் என் கெண்டைகள் புழுவைத் துரத்தித் தின்றன. அவருடைய தொட்டியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. தண்ணீரைத் தெளிவாக வைத்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களையும் மருந்து கொன்றிருக்கும் என்று பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குச் சருவமும் தொட்டியுமே போதுமாக இருந்தன.

கூப்பிட்டுக் காட்டினேன். ஜெயித்த திமிர் எனக்கு இருந்தது, ஒளிக்கவில்லை. அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார்.

"அப்போ நாந்தான் கொன்னுட்டேன், இல்லியா?"

என் திமிர் அங்கேயே இறங்கிவிட்டது. தொட்டியைக் காலிசெய்து தேய்த்து, சருவத்து மீன்களை இருவருமாகத் திரும்ப விட்டோம்.

மறுநாள் அன்று காலியான குப்பியோடு வந்தார். தொட்டி வேண்டாம், வாய்க்காலில் அலசினால் ஆற்றுக்குப் போகும், கிணற்றடியில் அலசினால் கிணற்றுக்கே இறங்கும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி நின்றவர், குப்பியை என் கையில் வைத்தார்.

"கழுவ ஒரு எடம் சொல்லு மக்கா, கழுவித் தாறேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர் காலமாகிப் பல வருஷமாயிற்று. இப்போது தெருவுக்குத் தெரு மருந்துக்கடை, மீந்த மாத்திரையெல்லாம் சாக்கடை வழியாக அதே ஆற்றுக்குத்தான் போகிறது. நான் இன்னும் அவருக்கு ஓர் இடம் சொல்லவில்லை. அதனால்தான் இந்தக் குப்பியை யாரும் கழுவ விடுவதில்லை.