மிருகம் இல்லாத பாட்டில்

எனக்கு மூக்கு கொஞ்சம் அதிகம் என்று புகுந்த வீட்டில் கேலி பண்ணுவார்கள். பக்கத்து வீட்டில் பால் பொங்கி வழிந்தால் அவர்களுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். பண்ணட்டும். அந்த மூக்கால் எங்கள் வீட்டுக்கு வந்த மரியாதையை நான் இன்றைக்கும் யாரிடமும் பெருமையாகத்தான் சொல்வேன்.

அப்போது நாங்கள் மலாக்காவில் காஜா பெராங் சாலையோரம் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஆற்றங்கரையில் இருந்த ரப்பர் வியாபார ஆபீஸில் கணக்கெழுதுகிற கிராணி. மெர்டேக்கா என்று நாங்கள் சொல்கிற சுதந்திரத்துக்கு முந்தின தீபாவளிக்கு ஆபீஸ் துரை எங்கள் வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டார். வெள்ளைக்காரர் ஒருவர் எங்கள் வாசல்படி ஏறுவது அதுதான் முதல் தடவை. முறுக்கு, அதிரசம் எல்லாம் நான் பார்த்துக்கொள்வேன். துரைக்குக் குடிக்க என்ன கொடுப்பது?

சாயங்காலமானால் துரை "ஸ்தெங்கா" என்று குரல் கொடுப்பதும், பணியாள் கிளாஸோடு ஓடுவதும் என் கணவருக்குத் தெரியும். அதுதான் உசத்தியான விஸ்கியின் பெயர் என்று நினைத்துக்கொண்டு மூலைக் கடைச் சீன முதலாளியான தவுக்கேயிடம் போய், ஸ்தெங்கா ஒன்று கொடு என்று கேட்டிருக்கிறார். மலாயில் செத்தெங்கா என்றால் பாதி. தவுக்கேயும் இருப்பதிலேயே மட்டமான விஸ்கியில் ஒரு அரை பாட்டிலை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்துவிட்டார். பாதி விஸ்கி, பாதி சோடா என்பதைத்தான் துரைமார் மலாய்ச் சொல்லை வாய்க்குத் தக்கபடி வளைத்து ஸ்தெங்கா என்கிறார்கள் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிற மனுஷர் என் கணவர். துரை வாயிலிருந்து வந்ததால் அது இங்கிலீஷாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டார்.

துரை வந்தார், சிரித்தார், முறுக்கு ஒன்றைக் கடித்தார், கிளாஸை ஒரு தடவை வாயில் வைத்தார். பத்து நிமிஷத்தில் கைகுலுக்கிவிட்டுப் போய்விட்டார். பெருக்கப் போனபோது பார்த்தால், அவர் உட்கார்ந்த நாற்காலிக்கு அடியில் கிளாஸ் நிறைய அப்படியே இருக்கிறது. அதில் எறும்பு ஒன்று மிதந்தது. என் கணவரும் பார்த்தார். தன் சாப்பாட்டுத் தட்டைக்கூடக் கழுவாத மனுஷர், அந்தக் கிளாஸைத் தானே எடுத்துப் போய்க் குழாயடியில் கழுவினார். இனி அந்தத் துரை இந்த வீட்டில் கிளாஸைக் காலி பண்ணாமல் எழுந்திருக்கக் கூடாது என்று அன்றைக்கே மனசுக்குள் முடிவு கட்டினேன்.

மிச்சமிருந்த பாட்டிலைத் திறந்து, நல்லெண்ணெய் பார்க்கிற மாதிரி உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுத் தேய்த்து மோந்தேன். ஸ்பிரிட் நெடி மூக்கில் ஏறியது. அது பறந்த பிறகு கையில் மிஞ்சியது தீய்ந்த சர்க்கரையின் பிசுக்கு மட்டும்தான். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு நேரே தவுக்கேயிடம் போனேன்.

"ஆச்சி, நீ குடிப்பியா?" என்று மலாயில் கேட்டுவிட்டு வாயைப் பிளந்தார் மனுஷர்.

"குடிக்கல. மோந்து பாக்கப் போறேன். எண்ணெய மோந்து பாக்காம உங்கிட்ட என்னிக்காவது வாங்கியிருக்கேனா?" என்று நானும் மலாயிலேயே கேட்டேன்.

அவர் சிரித்துவிட்டார். பெக் கணக்கில் விற்பதற்காக அவர் கடைப் பின்கட்டில் ஐந்தாறு பாட்டில்கள் எப்போதும் திறந்திருக்கும். அன்றிலிருந்து நான் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் ஒன்றிலிருந்து நாலு சொட்டு என் கையில் விடுவார். காலைப் பொழுதில் ஒரு குடும்பப் பெண் கடையில் நின்று உள்ளங்கையை மோந்துகொண்டிருந்தால் நாலு பேர் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்தார்கள். பிள்ளை பெற்றபோது மருந்தென்று கொடுத்த பிராந்தி தவிர எதுவும் என் நாக்கில் பட்டதில்லை, ஆகையால் எனக்கென்ன பயம்? நல்ல ஸ்காட்ச் என்றால் ஸ்பிரிட் பறந்த பிறகுதான் மணமே ஆரம்பிக்கும் என்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்தேன். முதலில் பார்லிக் கஞ்சி. அப்புறம் ஈர விறகுப் புகை. கடைசியில் எங்கோ ஒரு துளி தேன்.

எங்கள் ஊரில் எல்லாரும் படம் பார்த்துத்தான் பாட்டில் வாங்குவார்கள். குதிரை மார்க், நாய் மார்க், மான் மார்க். தவுக்கே கடை மேல்தட்டில் ஒரு பெட்டி விஸ்கி தூசி படிந்து கிடந்தது. ஸ்காட்லாந்திலிருந்து வந்த சரக்குதான். ஆனால் லேபிளில் வெறும் எழுத்து. காஜா, அதாவது யானையின் பெயரில் இருக்கிற சாலையில் மிருகமே இல்லாத பாட்டிலை யார் வாங்குவார்கள்? அதில் ஒன்றைத் திறக்கச் சொல்லிக் கையில் தேய்த்தேன். கஞ்சி, புகை, தேன் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வீட்டுக்கு வந்து சோறு வடிக்கும்போதும் கையில் அந்த மணம் இருந்தது. குதிரை மார்க் விலையில் பாதிக்கு, போய்த் தொலையட்டும் என்று கொடுத்தார் தவுக்கே.

அடுத்த வேலை என் கணவரைத் திருத்துவது. அவரும் அவர் சிநேகிதர்களும் சம்சு என்கிற மலிவுச் சாராயத்தில் பழகியவர்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மடக்கு, முகத்தை ஒரு சுளிப்பு, உடனே எலுமிச்சை ஊறுகாய். விஸ்கியையும் அப்படியேதான் ஊற்றிக்கொள்வார்கள். நான் முதலில் ஊறுகாய் ஜாடியை ஒளித்துவைத்தேன். பிறகு கிளாஸில் ஒரு கரண்டித் தண்ணீர் மட்டும் விட்டு, மூச்சை விடச் சொன்னேன். கட்டிப் பெருங்காயத்தில் தண்ணீர் பட்டதும் மணம் எழும்பும் அல்லவா, அதே மாதிரிதான் இதுவும்.

"நான் குடிக்கிறேனா, பரீட்ச எழுதறேனா?" என்று அலுத்துக்கொண்டார்.

"என்ன வாசன வருது, அத மொதல்ல சொல்லுங்க."

முதல் வாரம் மருந்து வாசனை என்றார். அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிளாஸை மூக்கடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மோந்தார். "இந்தா, பொக வருது. எங்கப்பா ரப்பர் ஷீட்ட பொக போடுவாரே, அந்தக் கொட்டாய் மாதிரி," என்றார். என் மூக்குக்கு எட்டாதது அவர் மூக்குக்கு எட்டியிருக்கிறது! எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

மெர்டேக்கா வந்தது. துரை ஊருக்குக் கப்பல் ஏற நாள் குறித்தாகிவிட்டது. அவர் கிளம்பும் முன் என் கணவரைப் பெரிய கிராணியாக உயர்த்தினார்கள். அந்த நாற்காலியில் நம் ஆள் உட்கார்ந்தது அந்த ஆபீஸில் அதுவே முதல் முறை. துரையை விருந்துக்குக் கூப்பிட்டோம். பக்கத்து வீட்டில் மலாய் மட்டுமே பேசுகிற மலாக்காச் செட்டி அம்மாள், முன்னோர் படையலுக்கு மட்டும் எடுக்கிற கண்ணாடிக் கிளாஸ்களை, "பெசோக் பூலாங், யா," நாளைக்குத் திருப்பிக் கொடுத்துவிடு என்று சொல்லி இரவல் தந்தார்.

அன்று மத்தியானம் என் கணவர் குதிரை மார்க் பாட்டில் ஒன்றோடு வந்து நின்றார்.

"தொர லேபிளப் பாப்பாரு. வெறும் எழுத்து போட்டத எப்படி வெக்கறது?"

"லேபிளயா குடிக்கப் போறாரு?"

"ஒனக்கென்ன? தலகுனிஞ்சு நிக்கப் போறது நானு."

நாற்காலிக்கு அடியில் இருந்த அந்தக் கிளாஸ் என்னைவிட அவரைத்தான் அதிகமாகச் சுட்டிருந்தது. இரண்டு பாட்டிலையும் மேசைமேல் வைத்துவிட்டு, உங்கள் இஷ்டம் என்று சொல்லிச் சமையலறைக்குப் போய்விட்டேன். வெங்காயம் நறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது வெங்காயத்தால் மட்டுமில்லை.

ஐந்தரை மணிக்குத் துரையின் கார் வந்தது. திரையை விலக்கிப் பார்த்தேன். தட்டில் இருந்தது என் பாட்டில். துரை லேபிளைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். கிளாஸில் ஊற்றியதும் சோடாவுக்குக் கை நீட்டினார். என் கணவர் சோடா பாட்டிலை மெல்லத் தள்ளிவைத்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார்: "இதற்கு சோடா வேண்டாம், சார். ஒரு கரண்டித் தண்ணீர் போதும். முதலில் மோந்து பாருங்கள்."

நேற்று வரை துரை முன்னால் உட்காராத மனுஷர்! துரை முறைத்தார், பிறகு மோந்தார். மறுபடி மோந்தார். குடித்து முடித்து, இன்னும் ஊற்றச் சொல்லிக் காலிக் கிளாஸை நீட்டினார். இதையெல்லாம் யாரிடம் கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். சிநேகிதர் ஒருவர் என்று சொல்லியிருக்கலாம். அந்தக் காலத்தில் எந்த ஆம்பிளையும் அப்படித்தான் சொல்லியிருப்பார்.

"என் மனைவி," என்றார் என் கணவர். என்னைப் பெயர் சொல்லி வெளியே கூப்பிட்டார். துரை எழுந்து நின்று தலை குனிந்தார்.

அவர் போன பிறகும் வாசலில் வெளிச்சம் இருந்தது. நான் முதல் காரியமாக நாற்காலிக்கு அடியில் குனிந்து பார்த்தேன். கிளாஸ் இருந்தது, காலியாக. நிமிர்ந்தால் என் கணவர் வேறு இரண்டு கிளாஸோடு நிற்கிறார். பாட்டிலில் மிஞ்சியதை இரண்டாகப் பங்கிட்டு, கரண்டியால் தண்ணீரும் விட்டிருந்தார்.

"ஸ்தெங்கா," என்றார். "பாதி ஒன்னோடது."

கதவு திறந்துதான் கிடந்தது. சாலையில் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். நான் அங்கேயே, துரை உட்கார்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, மோந்து, ஒரு வாய் குடித்தேன். என் கணவர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி ஒரு சொட்டு ஜாஸ்தி," என்றேன்.