சரி பண்ணிக் கொடுத்த குரல்

என் மனைவி சமைக்கும்போது பாடுவாள். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது அவளே கட்டிய தாலாட்டு அது. இரண்டாவது வரியைக் கொஞ்சம் கீழே தொடங்கி, மெல்ல மேலே ஏறி வருவாள். அந்த இடம் வந்தால் நான் பேப்பரை மடித்து வைத்துவிடுவேன்.

மகள் வேலைக்காகப் பினாங்கு போனதும், கிள்ளானில் எங்கள் வீட்டில் ஓர் அறை காலியானது. அதை ஒலிப்பதிவு அறையாக்கி, அந்தப் பாட்டைப் பதிந்து அவள் பிறந்தநாளுக்கு அனுப்பலாம் என்று நினைத்தேன். மைக் வாங்கப் பிரிக்பீல்ட்ஸ் போனபோது, எந்த மென்பொருள் நல்லது என்று கடைக்காரரைக் கேட்டேன்.

“அண்ணே, நீங்க புதுசு. இலவசமா கெடைக்கிறதே போதும் லா. சிவப்பு பட்டன அமுக்குங்க, பாடச் சொல்லுங்க, முடிஞ்சிச்சு.”

எனக்குச் சுருக்கென்றது. ஷா ஆலம் தொழிற்சாலையில் இத்தனை வருடம் இயந்திரம் ஓட்டியவனுக்கு ஒரே ஒரு பட்டனா? மூன்று வாரம் இணையத்தில் ஒப்பிட்டுப் பார்த்தேன். பெண் பார்த்தபோதுகூட இவ்வளவு விசாரிக்கவில்லை. கடைசியில் இருப்பதிலேயே பெரியதை எடுத்தேன். சுருதி விலகினால் அதுவே கண்டுபிடித்து நேராக்கிவிடுமாம்.

ஒரு ஞாயிறு காலை, மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே வந்து பாடினாள். முடிந்ததும் திரையைக் காட்டினேன். காட்டாமல் இருந்திருக்கலாம். பாட்டு துண்டு துண்டாகக் கோடுகளின் மேல் கிடந்தது. கோட்டைவிட்டு விலகிய துண்டெல்லாம் சிவப்பு. இரண்டாவது வரி முழுக்கச் சிவப்பு. அவள் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் கன்டெய்னர் எண்களைச் சரிபார்க்கும் வேலையில் இருப்பவள். சிவப்புக்கு அவளுக்குத் தெரிந்த அர்த்தம் ஒன்றுதான்.

“இவ்ளோ தப்பா?”

“அதெல்லாம் ஒண்ணும் இல்ல லா. எல்லாத்தையும் சரி பண்ணிடலாம்.”

தப்பே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கோ மென்பொருளின் சாமர்த்தியத்தைக் காட்டுகிற அவசரம். ஒரு சொடுக்கில் சிவப்பெல்லாம் பச்சையானது; இரண்டாவது வரியின் தொடக்கமும் மேலேறிக் கோட்டில் உட்கார்ந்தது. ஹெட்போனை அவள் காதில் மாட்டினேன். கடைசிவரை கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு,” என்று கழற்றி வைத்தாள். “இத்தன வருஷமா தப்பாவா பாடிக்கிட்டு இருந்தேன்? நீங்க ஒரு வார்த்த சொல்லலையே.”

நான் சிரித்தேன். வேடிக்கையாகச் சொல்கிறாள் என்று நினைத்துவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

மகளுக்கு அதை அனுப்ப வேண்டாம் என்றுவிட்டாள். அவள் பாடியபடியே இருந்த பதிவாவது மிஞ்சியதா என்றால், அதுவும் இல்லை. திருத்தியதை அதன் மேலேயே சேமித்துத் தொலைத்திருந்தேன். பெரிய மென்பொருளைத் தூக்கிவிட்டு, கடைக்காரர் சொன்னதைப் போட்டு வைத்தேன். எப்போது கூப்பிட்டாலும் அவளுக்குத் தொண்டை சரியில்லை. சமையலறையிலும் சத்தமில்லை.

போன வாரம் நான் கடைக்குப் போய்ச் சீக்கிரம் திரும்பிவிட்டேன். கதவைத் திறந்தபோது சமையலறையில் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்குள் அவள் பாடிக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன். முதல் வரி முடிந்தது. கீழே இறங்கப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக் காத்திருந்தேன்.

இரண்டாவது வரியை அவள் மேலேயே, மிகச் சரியாகத் தொடங்கினாள்.